கால் ஓய்ந்தால் காணி ஓயும்

பெரியாறு பாசனத்தில் தண்ணீர் திறந்த நேரம். மேலூர்ப் பக்கம் ஒரு வயலில் டிராக்டர் இறங்கித் தொழி உழவு ஓட்டுகிறது. நிலத்துக்காரருக்கு அறுபத்தைந்து வயதிருக்கும். வீட்டிலிருந்து மொபெட்டில் வந்தவர், வண்டியை ரோட்டோரம் நிறுத்தி அதன் மேல் உட்கார்ந்தபடியே டிரைவருக்குக் கை காட்டுகிறார். வேலை முடிந்ததும் வாடகையைக் கொடுத்துவிட்டு, வந்த வண்டியிலேயே வீடு திரும்புகிறார். அன்று காலை அவர் நடந்தது நூறு அடிகூட இராது. ஆனால் யாராவது கேட்டால், "இன்றைக்கு உழவு போட்டேன்" என்றுதான் சொல்வார்.

அவரைக் குறை கூறுவதற்காக இதை எழுதவில்லை. வாடிப்பட்டி, அலங்காநல்லூர், திருமங்கலம், உசிலம்பட்டி என மதுரையைச் சுற்றி எங்கு போனாலும் இதே காட்சிதான். இயந்திரம் வேண்டாம் என்பதும் நம் வாதமல்ல. கூலிக்கு ஆள் கிடைக்காத இந்த நாளில் டிராக்டரும் கதிர் அறுக்கும் இயந்திரமும் இல்லையென்றால் பல காணிகள் தரிசாகவே கிடக்கும். நாம் சொல்ல வருவது ஒன்றுதான். நம் உடல் உழைப்பு பெரிதும் குறைந்துவிட்டது. 'உழைத்த உடம்பு, ஒன்றும் செய்யாது' என்ற நம்பிக்கை மட்டும் கொஞ்சமும் குறையவில்லை. இதனால் நஷ்டப்படுவது அறுபதைத் தாண்டிய சம்சாரியின் கால்கள்.

உழவுக்கு எத்தனை கிலோமீட்டர்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். நாட்டுக் கலப்பை ஒரு சாலுக்கு 20 செ.மீ. அகலம் உழுவதாக வைத்துக்கொண்டால், ஒரு ஏக்கரை ஒரு தடவை உழுது முடிக்க ஏரின் பின்னால் 20 கி.மீ. நடக்க வேண்டும். சாலை நெருக்கி ஓட்டினால் நடை இன்னும் கூடும். 2015-16 விவசாயக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர், அதாவது சுமார் 1 ஏக்கர் 85 சென்ட். இதை நான்கு உழவு உழுதால் நடை ஏறத்தாழ 150 கி.மீ. ஆகிறது. மதுரையிலிருந்து திருச்சிக்கு உள்ள தூரத்தைவிட இது அதிகம். அதுவும் வெறும் நடையல்ல. மேழியை அழுத்திப் பிடித்து, கட்டி மண்ணிலும் சேற்றிலும் காலை எடுத்து வைத்து நடக்கும் நடை.

கமலை இறைத்தவர்களும் அப்படித்தான். மாடுகளோடு முன்னும் பின்னுமாகப் பொழுது முழுவதும் நடந்தார்கள். இன்று சுவிட்சைத் தட்டினால் தண்ணீர் வருகிறது. அந்தச் சுவிட்சையும் கைப்பேசியால் வீட்டிலிருந்தே தட்டுவதற்குக் கருவி வந்துவிட்டது. கதிர்க்கட்டைத் தலையில் சுமந்து களத்துமேடு ஏறியது போயிற்று. கல்யாணப் பந்தியில் தரையில் உட்கார்ந்து எழுந்ததும் போயிற்று. அங்கே மேஜை நாற்காலி வந்துவிட்டது. ஒவ்வொன்றும் நல்ல வசதிதான். எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டினால், நம் அப்பாவின் கால்கள் செய்த வேலையில் சிறு பங்கைக்கூட நம் கால்கள் செய்வதில்லை என்று தெரியும்.

பஸ் டிரைவரும் கண்டக்டரும்

உட்கார்ந்து செய்யும் வேலை உடம்பை என்ன செய்யும் என்பதற்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. லண்டனில் ஜெரிமி மோரிஸ் என்ற டாக்டர், அந்நகரின் மாடி பஸ்களில் வேலை செய்தவர்களைக் கவனித்து 1953-ல் தம் முடிவுகளை வெளியிட்டார். டிரைவரும் கண்டக்டரும் ஒரே பஸ்ஸில்தான் போகிறார்கள். டிரைவர் நாள் முழுவதும் உட்கார்ந்திருக்கிறார். கண்டக்டரோ டிக்கெட் கொடுக்க மாடிப்படியில் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறார். டிரைவர்களுக்கே மாரடைப்பு அதிகம் வந்தது என்று அவர் கண்டார். வேலைக்குச் சேரும்போதே டிரைவர்கள் சற்றுப் பருமனாக இருந்ததும் பிறகு தெரியவந்தது. ஆனாலும் உடல் அசைவுக்கும் இருதயத்துக்கும் உள்ள தொடர்பை அடுத்தடுத்து வந்த ஆய்வுகள் உறுதி செய்தன. மோரிஸ் 99 வயது வரை வாழ்ந்து 2009-ல் காலமானார்.

நம் ஊர்க் கதையும் இதுவே. ஒரு காலத்தில் கண்டக்டராக இருந்த சம்சாரி, இப்போது டிரைவர் சீட்டுக்கு மாறிவிட்டார். மாறியதை அவர் உணரவில்லை.

ஒருபோக உடம்பு

"வயலில் வேலையே இல்லையா? வரப்பு வெட்டுகிறோம், மருந்து அடிக்கிறோம், களை எடுக்கிறோம். இது போதாதா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். இதற்கு இரண்டு பதில்கள் உண்டு.

முதலாவது, வேலை ஆண்டு முழுவதும் இல்லை. மேலூர், திருமங்கலம் ஒருபோகப் பகுதியில் வழக்கமாகச் செப்டம்பரில் தண்ணீர் கிடைத்தால் தை, மாசியோடு வெள்ளாமை முடிந்துவிடுகிறது. அதன் பிறகு கிணறு வைத்திருப்பவரைத் தவிர மற்றவர்களுக்கு அடுத்த தண்ணீர் வரும்வரை பெரிய வேலை கிடையாது. நிலத்தைத் தரிசு போட்டால் அது ஆறும். உடம்பைத் தரிசு போட்டால் ஆறாது, இறுகும். 2007-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியாயிற்று. நோய் நொடி இல்லாத, சராசரி 67 வயதுக்காரர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே வைத்திருந்தார்கள். அந்தப் பத்தே நாளில் அவர்கள் கால்களில் ஏறத்தாழ 1 கிலோ சதை குறைந்துவிட்டது. முழங்காலை நீட்டும் பலமும் கணிசமாகக் குறைந்தது. காய்ச்சலில் ஒரு வாரம் படுத்து எழுந்தவர் ஏன் கம்பு தேடுகிறார் என்பது இதிலிருந்து விளங்கும். கோடை முழுவதும் திண்ணையில் இருப்பது படுக்கையில் கிடப்பதற்குச் சமமில்லைதான். ஆனால் போகும் திசை அதுவே. இளவட்டம் இழந்த சதையை ஒரு மாதத்தில் மீட்டுக்கொள்வான். அறுபதைத் தாண்டியவருக்கு அது எளிதில் திரும்புவதில்லை.

இரண்டாவது, வயல் வேலை பயிருக்கு வேண்டியதைத்தான் செய்கிறது. உடம்புக்கு வேண்டியதைச் செய்வதில்லை. களை எடுப்பவர் மணிக்கணக்கில் குனிந்தே நிற்கிறார். மருந்து அடிப்பவர் முதுகில் டேங்கைச் சுமந்து ஒரே கையால் அடிக்கிறார். மம்பட்டி பிடிப்பவர் ஒரே பக்கமாக வெட்டுகிறார். ஒரு சில மூட்டுகள் தேய்கின்றன. மற்றச் சதைகள் சும்மா இருக்கின்றன. ஒரே வயலில் ஒரே பயிரைத் திரும்பத் திரும்ப வைத்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். உடம்பும் அப்படித்தான். வேலைக்குப் பயிர் சுழற்சி வேண்டும்.

நிலமும் காலும்

இதில் சிறு விவசாயிக்கு என்ன அக்கறை என்று பார்ப்போம். சர்க்கார் உத்தியோகஸ்தர் கால் வலியென்றால் ஓய்வூதியத்தில் உட்கார்ந்து சாப்பிடலாம். ஒன்றரை ஏக்கர் சம்சாரிக்குக் கால்தான் ஓய்வூதியம். பிள்ளைகள் திருப்பூரிலும் சென்னையிலும் வெளிநாட்டிலும் இருக்கிறார்கள். முறைத் தண்ணீர் இரவு இரண்டு மணிக்கு வந்தால் மடை திருப்பப் போக வேண்டியவர் அவர்தான். வழுக்கும் வரப்பில் டார்ச் லைட்டோடு நடக்க முடிந்தால் நிலம் அவர் கையில் இருக்கும். நடக்க முடியாமல் போன ஆண்டு அதைக் குத்தகைக்கோ வாரத்துக்கோ விடுகிறார். இரண்டு ஆண்டுக்குப் பின் வீட்டுமனைக்காரர் வந்து விலை பேசுகிறார். மதுரையைச் சுற்றிக் கல் ஊன்றிக் கிடக்கும் மனைகளில் எத்தனை, முழங்கால் வலியால் கைமாறியவை என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

இந்தியாவில் முதியோர் நிலை பற்றி 2017-18-ல் 72,000-க்கும் மேற்பட்டவர்களிடம் ஒரு பெரிய ஆய்வு நடத்தினார்கள். அதன் அறிக்கை 2021-ல் வெளிவந்தது. அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களில் சுமார் நான்கில் ஒருவருக்கு, குளிப்பது, உடுத்துவது, படுக்கையிலிருந்து எழுவது, அறைக்குள் நடப்பது போன்ற அன்றாடக் காரியங்களில் ஒன்றாவது சிரமமாக இருக்கிறது என்று அது கூறுகிறது. அறைக்குள் நடப்பதே சிரமமானால் வரப்பு எங்கே, வாய்க்கால் எங்கே?

வயது கடந்துவிட்டதா?

"இனிமேல் என்ன இருக்கிறது, எல்லாம் போகிற காலம்" என்று சலித்துக்கொள்பவர்கள் இந்தச் செய்தியைக் கவனிக்க வேண்டும். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஒரு முதியோர் நிலையத்தில், தொண்ணூறு வயதை ஒட்டிய பத்துப் பேருக்குக் காலால் சுமை தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். எட்டு வாரப் பயிற்சியை ஒன்பது பேர் முடித்தார்கள். அவர்களுடைய கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. அதாவது ஒரு பங்கு பலம் ஏறத்தாழ இரண்டே முக்கால் பங்காயிற்று. கைத்தடியோடு வந்தவர்களில் இருவர் தடியில்லாமல் நடந்தார்கள். இது 1990-ல் வெளியான ஆய்வு. தொண்ணூறில் முடிந்தது அறுபத்தைந்தில் முடியாதா?

நியூசிலாந்தில் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தார் இன்னொரு வழியைக் காட்டினார்கள். முதியவர்களின் வீட்டுக்கே போய், கால் பலத்துக்கும் தடுமாறாமல் நிற்பதற்கும் சில எளிய பயிற்சிகளைக் கற்றுக்கொடுத்து, நடக்கவும் சொன்னார்கள். பயிற்சி செய்தவர்களிடையே கீழே விழுவது சுமார் 35 சதவீதம் குறைந்தது. இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில் விழுந்தவர்களைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

வீட்டிலேயே ஒரு சோதனை

மாட்டை வாங்கும்போது நடக்கவிட்டுப் பார்த்துத்தானே வாங்குகிறோம்? நம்மையும் அப்படிச் சோதித்துப் பார்க்கலாம். கை வைக்காத நாற்காலி ஒன்றைச் சுவரோரம் போட்டு உட்காருங்கள். இரண்டு கைகளையும் மார்பில் கட்டிக்கொண்டு, கை ஊன்றாமல் ஐந்து தடவை வேகமாக எழுந்து உட்காருங்கள். பேரனையோ பேத்தியையோ கடிகாரம் பார்க்கச் சொல்லுங்கள். 12 விநாடிக்குள் முடிந்தால் நல்லது. 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் காலின் செயல்திறன் குறைந்திருக்கிறது என்று, சதைக் குறைவைப் பற்றி ஆராயும் ஆசிய நாட்டு நிபுணர்கள் 2019-ல் வரையறுத்திருக்கிறார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை சோதித்து, காலண்டரில் குறித்து வைத்தால் ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரிந்துகொள்ளலாம்.

என்ன செய்யலாம்?

உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட சிபாரிசு, 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மூன்று காரியங்களைச் சொல்கிறது. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை நடை போன்ற மிதமான உழைப்பு. வாரத்தில் இரண்டு நாளாவது சதைக்குப் பலம் தரும் பயிற்சி. மூன்று நாளாவது தடுமாற்றத்தைத் தடுக்கும் பயிற்சி. இதற்குக் காசு செலவில்லை. நம் வீட்டில் இருப்பதைக் கொண்டே செய்யலாம்.

1. நடை: வாரத்தில் ஐந்து நாள், நாளைக்கு அரை மணி. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுவே சரியான வேகம். வயல் ஒரு கி.மீ. தூரத்தில் இருந்தால், சுமை இல்லாத நாளில் மொபெட்டை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். போக வர நடை முடிந்துவிடும்.

2. எழுந்து உட்காருதல்: நாற்காலியிலோ திண்ணையிலோ கை ஊன்றாமல் பத்துத் தடவை. சற்று ஓய்வுக்குப் பின் மீண்டும் பத்துத் தடவை. முதலில் முடியாவிட்டால் கை ஊன்றியே தொடங்கலாம்.

3. குதிகால் உயர்த்தல்: சுவரைப் பிடித்துக்கொண்டு முன்பாதத்தில் நின்று, மெதுவாக இறங்க வேண்டும். பத்து முதல் பதினைந்து தடவை.

4. சுவர் தள்ளல்: சுவரிலிருந்து ஓரடி தள்ளி நின்று, உள்ளங்கைகளை ஊன்றி, மார்பைச் சுவருக்குக் கொண்டுபோய் மீள வேண்டும். மஞ்சப்பையில் 2 கிலோ மணல் போட்டு, முழங்கையை மடக்கி மாறி மாறித் தூக்கலாம். எளிதான பிறகு மணலைக் கூட்டலாம்.

5. ஒற்றைக் கால் நிலை: நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு ஒரு காலில் 10 விநாடி, பிறகு மறுகால். பழகியபின் ஒரு விரலால் மட்டும் தொட்டுக்கொள்ளலாம். சுவரோரமாகக் குதிகாலை மறுகாலின் விரலோடு ஒட்டி வைத்து அடியடியாக நடப்பதும் நல்லது. இதை வரப்பில் சோதிக்க வேண்டாம். வீட்டில் பழகினால் வரப்பில் தானே உதவும்.

உரம் போட்டால் மட்டும் பயிர் விளையாது, தண்ணீரும் வேண்டும். அதுபோலப் பயிற்சிக்கு ஏற்ற தீனியும் வேண்டும். பாசிப்பயறு, மொச்சை, கொண்டைக்கடலை, முட்டை, மீன், பால் இவற்றில் ஒன்றாவது தினமும் சேர வேண்டும். சோறும் ரசமும் மட்டும் சதை வளர்க்காது.

பெண்களை மறக்கலாகாது

நடவும் களையும் பெரும்பாலும் பெண்கள் வேலை. காலையில் வீட்டு வேலை, பகலில் குனிந்த முதுகு, மாலையில் மாடு. இவர்களிடம் "பயிற்சி செய்" என்று சொன்னால் கோபம் வரத்தான் செய்யும். இவர்களுக்கு முதலில் வேண்டியது நிமிர்ந்து செய்யும் வேலை. வரிசை நடவு செய்து, நின்றபடியே தள்ளும் கோனோவீடர் களையெடுப்பானைப் பயன்படுத்தினால் முதுகு தப்பும். அரை மணிக்கு ஒரு தடவை நிமிர்ந்து, இடுப்பில் கை வைத்துப் பின்னால் சாய்ந்துகொள்ள வேண்டும். மற்றபடி கால் பலமும் தடுமாறாமல் நிற்பதும் ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் வேண்டும். மாதவிலக்கு நின்றபின் எலும்பு வலுவிழப்பதால், ஒரு சிறு வழுக்கலும் முறிவில் முடியக்கூடும்.

கவனிக்க வேண்டியவை

நெஞ்சு வலி, மூச்சிரைப்பு, தலைச்சுற்றல் உள்ளவர்களும், இருதய நோய்க்கு மருந்து சாப்பிடுபவர்களும் டாக்டரைக் கேட்டபின் தொடங்க வேண்டும். பயிற்சியின்போது இவை வந்தால் உடனே நிறுத்த வேண்டும். சர்க்கரை உள்ளவர்கள் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. மாலையில் பாதத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். முழங்கால் தேய்ந்தவர்கள் குத்துக்கால் இட்டு உட்காரும் பயிற்சியை விட்டு, நாற்காலிப் பயிற்சியோடு நிறுத்திக்கொள்ளலாம். சித்திரை, வைகாசியில் வெயில் ஏறுமுன் நடையை முடித்துவிட வேண்டும்.

அரசும் ஊராட்சியும்

2023 நவம்பரில் தமிழ்நாடு அரசு 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டந்தோறும் 8 கி.மீ. நடைபாதை ஒன்றை ஏற்படுத்தியது. நல்ல காரியம். ஆனால் மதுரை நகரத்து நடைபாதைக்குக் கொட்டாம்பட்டிச் சம்சாரி பஸ் ஏறி வர முடியாது. ஊருக்கு ஊர் கண்மாய்க் கரை இருக்கிறது. அதில் மண்டிக் கிடக்கும் சீமைக் கருவேல முள்ளை வெட்டி, மேட்டைச் சமன்படுத்தி, இரண்டு விளக்குப் போட்டால் அதைவிட நல்ல நடைபாதை வேறில்லை. ஊராட்சிகள் இதைத் தீர்மானமாகப் போட வேண்டும்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து தரும் இயன்முறை சிகிச்சையும் சேர்க்கப்பட்டது. படுக்கையில் விழுந்தபின் வரும் இந்த உதவி, விழுமுன்னும் வர வேண்டும். இயன்முறை மருத்துவர் மாதம் ஒரு நாள் ஊர்க் களத்தில் முதியவர்களைக் கூட்டிப் பயிற்சி சொல்லிக்கொடுத்தால் போதும். விவசாயத் துறையினரும் தங்கள் பயிற்சிக் கூட்டங்களில் நெல்லுக்கும் கரும்புக்கும் ஒதுக்கும் நேரத்தில் ஒரு கால் மணியை, அவற்றைப் பயிரிடுபவரின் உடம்புக்கும் ஒதுக்க வேண்டும்.

அரசு செய்யும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. தண்ணீர் நின்ற கோடையில் மோட்டாரைக் கழற்றிச் சரிபார்க்கிறோம். மம்பட்டிக்குப் புதுக் காம்பு போடுகிறோம். வாய்க்காலைத் தூர் வாருகிறோம். அடுத்த வெள்ளாமைக்கு இவையெல்லாம் தயாராக வேண்டும் என்று நமக்குத் தெரியும். மடை திருப்பப் போகும் கால்களையும் அந்தக் கோடையிலேயே தயார் செய்துகொள்வோம்.